இலை ஓரத்தில் அரைப் பரோட்டா

அரைப் பரோட்டா இலையின் ஓரத்தில் கிடக்கிறது, சால்னா ஊறி ஒரு பக்கம் கறுத்து, மறுபக்கம் இன்னும் மொறுமொறுப்பு விடாமல், அதைச் சுட்டுவிரலால் தள்ளிக்கொண்டு போய் இலை முடிகிற இடத்தில் நிறுத்துகிறான் தஸ்நேவிஸ், இதைத் தொடாதல மாப்ள, இது நான் திரும்பி வாரதுக்கு என்கிறான், எழுந்து கை கழுவப் போகிறான், வேர்வையில் முதுகோடு ஒட்டிய சட்டை, கழுத்தில் மாதா படம் கோத்த கறுப்புக் கயிறு, இடத்துக்காகப் பின்னால் காத்து நின்ற ஆள் அதற்குள் ஸ்டூலின் மேல் கை வைத்துவிட்டான், இது எந்த வருஷத்து மாலை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, நாங்கள் இங்கே வந்து தின்ற பதினாலு வருஷமும் சேர்ந்து ஒரே மாலையாகிவிட்டது, அதே கொம்பையா கடை, அதே தகரக் கூரை, அதே புழுக்கம், தூத்துக்குடியில் புழுங்காத மாலை என்று ஒன்றை நான் கண்டதில்லை. அவன் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை பார்க்கிறவன், பல்லாரி வெங்காயம், உருளைக்கிழங்கு, செங்கல், ஜல்லி என்று இந்தக் கரையில் கிடைப்பதையெல்லாம் அந்தக் கரையில் இறக்கிவிட்டு மாசிக் கருவாட்டோடு திரும்புகிறவன், நான் பதினோரு அறை உள்ள ஒரு லாட்ஜில் மேனேஜர், மேனேஜர் என்றால் சாவி கொடுப்பதும், பக்கெட்டு இல்லை என்று கத்துகிறவனுக்குப் பக்கெட்டு கொடுப்பதும், யார் யாரோடு வந்தார்கள் என்று பார்க்காத மாதிரி இருப்பதும்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தோம், அவன் கடலுக்குப் போனான், நான் நாற்காலிக்குப் போனேன். தோணி கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் எங்கே எதைத் தின்றாலும் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பான், டீ என்றால் கடைசி ஒரு வாய், மக்ரூன் என்றால் ஒரு நுனி, மிச்சம் வச்சா அது நம்மளக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கும்ல, பாதியில விட்டுட்டுப் போனவன் வந்துதானல ஆகணும் என்பான், தோணிக்குப் போன அவன் அப்பாவும் அப்படித்தான் வைத்தாராம், அவர் எழுபத்தாறு வயதில் கட்டிலில் படுத்துத்தான் செத்தார்.

லாட்ஜுக்கு வருகிறவர்கள் பெட்டியைக் கீழே வைத்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான், அண்ணாச்சி, இந்த ஊர்ல சாப்பாடு எங்க நல்லாருக்கும், நானும் வாய் வலிக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பரோட்டா என்றால் கொம்பையா கடைக்குப் போங்க, உட்கார்ந்து தின்னுங்க, பார்சல் வாங்கிராதிய, மத்தியானம் என்றால் மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓர் அக்கா வீட்டு முன்னறையில் மேசை போட்டு சீலா மீன் குழம்பு ஊற்றுகிறாள், ஒன்றே முக்காலுக்குள் போகாவிட்டால் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள், கெஞ்சினாலும் கிடைக்காது, அப்புறம் குரலைத் தாழ்த்தி, அண்ணாச்சி, ஒரு இடம், என்று கட்டைவிரலை வாய்ப்பக்கம் காட்டுவார்கள், அதற்கும் என்னிடம் பதில் உண்டு, பழைய துறைமுகம் போகிற ரோட்டில் வேப்பமரம் நிற்கிற பார், வெளியே பார்த்தால் மாட்டுத் தொழுவம் மாதிரிதான் இருக்கும், பயப்படாமல் உள்ளே போங்க, அவித்த முட்டையில் மிளகு போட்டுத் தருவான், சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த வேப்பமரத்தடியில் நான் இருக்கிறேன், எதிரே அவன் இருக்கிறான், சப்ளையர் வறுத்த சாளை மீனைக் கொண்டுவந்து வைக்கிறான், தூக்கிட்டுப் போடா, இருவத்தெட்டு நாளா கடல்ல இந்த மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு வாரேன் என்று தஸ்நேவிஸ் கத்துகிறான், பார் முழுக்கச் சிரிக்கிறது, நானும் சிரிக்கிறேன், முன்னால் நிற்கிறவர் என்ன அண்ணாச்சி சிரிக்கிறீங்க என்கிறார், ஒன்றுமில்லை, ஏழாம் நம்பர், மாடியில் வலதுபக்கம் என்று சாவியை நீட்டுகிறேன். நான் சொல்கிற இடம் எதுவும் என்னுடையது இல்லை, எல்லாம் அவன் நாக்கு கண்டுபிடித்தது, அவன் போன பிறகு அந்த இடங்களில் எதிலும் நான் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை, ஊரானை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்பதாம் நம்பரை யாருக்கும் கொடுப்பதில்லை, ரிப்பேர் என்று சொல்லிவிடுவேன், முதலாளி கேட்டாலும் பைப்பு ஒழுகுது என்பேன், அது அவன் அறை, கரை இறங்கினால் நேராக வீட்டுக்குப் போக மாட்டான், இங்கே வந்து நல்ல தண்ணீரில் இரண்டு தடவை குளிப்பான், இரண்டு மணி நேரம் கட்டிலைப் பிடித்துக்கொண்டு படுப்பான், தரை ஆடுது மாப்ள, கொஞ்சம் நிக்கட்டும், ஆடுத காலோட போனா பிலோமி குடிச்சிருக்கேன்னு நெனைப்பா, ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துத் தண்ணித் தொட்டிதான் தெரியும், கடல் தெரியாத ரூமாப் பாத்துக் குடுத்திருக்கியே, நீதாம்ல நண்பன் என்பான். தரை நின்றதும் பேக்கரியில் மக்ரூன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவான், அவன் பெண்டாட்டி பிலோமி என்னைப் பார்க்கிறபோதெல்லாம் உங்க கூட்டாளிக்கு முதல் வீடு லாட்ஜுதானண்ணே, நான் ரெண்டாவதுதான என்பாள், அவள் அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது, இருந்ததென்றால் இருந்ததுதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசி மாலை மட்டும் தனியாக நிற்கிறது, மற்ற மாலைகளோடு சேரமாட்டேன் என்கிறது, நவம்பர் கடைசி, தெற்கே மேகம் கூடிக் கிடந்தது, வேப்பமரத்தடியில் மூன்று ரவுண்டு போட்டுவிட்டுக் கொம்பையா கடைக்கு வந்தோம், நான் அன்றைக்குத் தீர்மானமாகக் கேட்டேன், போதும்ல, நாப்பத்தாறு ஆகுது, முதலாளி இன்னொரு லாட்ஜு எடுக்காரு, நீ வந்து உக்காரு, அவன் என்னைப் பார்த்தான், பிறகு சிரித்தான், உன்னை மாதிரி சாவிக்கொத்தக் கையில வச்சிக்கிட்டு ஆயுசு பூரா வாசலைப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லுதியா மாப்ள, பக்கத்து மேசையில் இருந்தவனும் சிரித்தான், அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது, அவன் சொன்னது கூட இல்லை. போன் அடித்தது, தோணியை நடத்துகிற தண்டல் உடனே வரச் சொல்கிறார், விடியுமுன்னே எடுக்கிறார்களாம், அரைப் பரோட்டாவை ஓரத்துக்குத் தள்ளினான், தொடாதல என்றான், கை கழுவினான், என் தோளில் ஈரக்கையைத் துடைத்தான், வாரேன் மாப்ள, தெருமுனை திரும்புவதற்குள் நான் அந்த அரைப் பரோட்டாவை எடுத்து வாயில் போட்டேன், பசி இல்லை, கோபம், நீயும் உன் சாஸ்திரமும் என்று மென்றேன், சால்னா நன்றாக ஊறியிருந்தது, ருசியாகவும் இருந்தது, அந்த ருசிதான் என்னைச் சும்மா விடுவதில்லை.

தோணி போய்ச் சேரவில்லை, திரும்பவும் இல்லை, தேடினார்கள், ஒன்பது பேரில் ஒருவரும் இல்லை, கன்னியாகுமரிக்குத் தெற்கே ஒரு நீலப் பீப்பாயும் இரண்டு மூட்டைப் பல்லாரியும் மிதந்ததாகச் சொன்னார்கள், அதுவும் இந்தத் தோணியுடையதுதானா என்று யாருக்கும் நிச்சயமில்லை, மற்ற எட்டு வீட்டிலும் மாதா கோயிலில் பூசை வைத்துப் படத்துக்கு மாலை போட்டார்கள், பிலோமி மட்டும் போடவில்லை, உடம்பைக் காட்டுங்க, போடுதேன் என்று மாமனார் வீட்டாரிடம் சொல்லிவிட்டாள், மாதம் ஒரு தடவை லாட்ஜுக்கு வருவாள், உட்கார மாட்டாள், ஒன்பதாம் நம்பர் சும்மாத்தான கெடக்கு அண்ணே என்பாள், சும்மாத்தாம்மா கெடக்கு என்பேன், போய்விடுவாள், அவள் முதுகைப் பார்க்கிறபோது என் தொண்டையில் அந்த அரைப் பரோட்டா அப்படியே நிற்கும். சில ராத்திரித் தூக்கத்தில் அவன் கொம்பையா கடைக்குள் வருகிறான், தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, இலை இலையாகக் குனிந்து பார்க்கிறான், நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எங்கல என்கிறான், அடுத்த மேசைக்குப் போகிறான்.

பதினாலாவது மாதம், ஒரு வியாழக்கிழமை நாலு மணிக்குப் பிலோமி வந்தாள், இந்தத் தடவை உட்கார்ந்தாள், சனிக்கிழமை அவருக்குப் பூசைக்கு எழுதிக் குடுத்துட்டேண்ணே, நீங்க வந்துரணும் என்றாள், சேலைத் தலைப்பை விரலில் சுற்றுகிறாள், பிறகு, என்னைய அந்தப் பரோட்டாக் கடைக்குக் கூட்டிட்டுப் போறியளா, வருஷம் பூரா பார்சல்தான் கொண்டாந்தாரு, சவசவன்னு இருக்கும், இலையில தின்னுப் பாருட்டி, அப்பத்தான் தெரியும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு, ஒருநாளும் கூட்டிட்டுப் போகலை. போனோம், கொம்பையா அவளை யாரென்று தெரிந்துகொண்டு இலையை இரண்டு தடவை துடைத்துப் போட்டான், அவள் பிய்த்துப் போட்டு, சால்னாவில் பிசைந்து, தலை நிமிராமல் சாப்பிட்டாள், எனக்கு இறங்கவில்லை, சொல்லிவிட்டேன், மூன்று ரவுண்டு, சாவிக்கொத்து, பக்கத்து மேசைக்காரன் சிரிப்பு, வாயில் போட்டது, எல்லாவற்றையும், நான்தாம்மா அவன் வராதபடி ஆக்கிட்டேன், என்னை நாலு வார்த்தை திட்டு என்றேன், பதினாலு மாதமும் நான் அதற்குத்தான் காத்திருந்தேன் போல.

அவள் கையை இலையில் வைத்தபடி என்னைப் பார்த்தாள், கோபம் இல்லை, எனக்காகப் பரிதாபப்படுகிற மாதிரி இருந்தது, வீட்டுலயும் ஒரு பிடி சோறு வச்சிட்டுத்தான் போவாரண்ணே, அவரு தெரு திரும்புததுக்குள்ள நான் அதைக் கோழிக்குத்தான் போட்டேன், பின்ன வச்சிக்கிட்டா இருப்பாவ, நாறிப்போகாதா, கல்யாணம் ஆன நாள்ல இருந்து எத்தனை பயணம், அத்தனை பிடியையும் கோழிதான் தின்னுச்சு, அவரு வந்துக்கிட்டுத்தான இருந்தாரு, நீங்க என்ன வாயில போட்டியன்னு கடலுக்கு என்னண்ணே தெரியும். சொல்லிவிட்டுக் கடைசித் துண்டால் சால்னாவை வழித்து வாயில் போட்டாள், இலை சுத்தமாக இருந்தது, நல்லாத்தான் இருக்கு, சொன்னாரு என்றாள், அப்போதுதான் அழுதாள், சத்தமில்லாமல், எச்சில் கையை மடியில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. மன்னிப்புக் கிடைத்தால் நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தேன், லேசாகவில்லை, இருந்த ஒன்றும் போய்விட்டது, என்னால் போனான் என்றால் அவன் போனதற்கு ஒரு காரணமாவது இருந்தது, காரணத்தோடு போனவனை அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டாவது தேடலாம், சும்மா போனவனை எங்கே தேடுவது.

என் இலையில் அரைப் பரோட்டா கிடந்தது, சால்னா ஊறி ஒரு பக்கம் கறுத்து, என்னை அறியாமலேயே விரலால் அதை ஓரத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன், கொம்பையா வந்தான், முடிச்சாச்சா அண்ணாச்சி என்றான், நான் பதில் சொல்வதற்குள் இரண்டு இலையையும் ஒன்றாகச் சேர்த்துச் சுருட்டி வாளியில் போட்டான், ஈரத்துணியால் மேசையை ஒரே இழுப்பில் துடைத்தான், ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் துடைத்திருப்பான், பதினாலு வருஷமாக ஒருநாள் கூட நான் அதை நினைத்துப் பார்த்ததில்லை. எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த ஆள் ஸ்டூலின் மேல் கை வைத்தான், எந்திரிக்கியளா அண்ணாச்சி என்று கேட்டான், எழுந்தேன், அவன் உட்கார்ந்து நாலு பரோட்டா சொன்னான்.