சின்னப்பொண்ணுக்கு நான் கொடுத்த தேதி

எதையும் வரிசையாக எழுதினால்தான் எனக்குப் புரியும். எழுதிய பிறகும், சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று சந்தேகம் வரும். ஆகவே 1976 அக்டோபர் ஒன்பதிலிருந்து தொடங்குகிறேன்.

அன்று எனக்கு இருபத்திரண்டு முடிந்தது. யாருக்கும் தெரியாது, எங்கள் வீட்டில் பிறந்த நாள் பார்க்கும் வழக்கம் இல்லை. ஆனால் ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் மிஷன் இல்லத்தில் அன்று கேக் வெட்டினார்கள். பெற்றவர்கள் விட்டுப்போன பிள்ளைகள், கை கால் விளங்காத பிள்ளைகள் என்று முப்பத்தொரு பேர் அங்கே இருக்கிறார்கள். கேக் அவர்களில் ஒருத்தியான சின்னப்பொண்ணுக்கு. குண்டானில் மணல் பரப்பி அதைச் சுட்டு எடுத்தவள் கிர்ஸ்டன், டென்மார்க்கிலிருந்து ஓராண்டு ஊழியத்துக்கு வந்த பெண். கேமராவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "சற்று நகருங்கள் மரகதம், வெளிச்சம் மறைகிறது" என்றாள்.

நகர்ந்தேன். என் பிறந்த நாளில், என் பிறந்த நாளின் போட்டோவிலிருந்து.

அது என் பிறந்த நாள்தான். நான்கு வருஷத்துக்கு முன் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில், வல்லக்கோட்டைக் கோயில் வாசலில் சின்னப்பொண்ணை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று வயது இருக்கலாம். போலியோவில் இரண்டு காலும் துவண்டிருந்தன. பதிவேட்டை நான்தான் எழுதுவேன். "பொறந்த தேதின்னு ஏதாச்சும் ஒண்ணு போடும்மா, காலியா வுட்டா இன்ஸ்பெக்டர் கேப்பாரு" என்றார் வார்டன் யாக்கோபு ஐயா. மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் ஜூன் ஒன்று. இவளுக்கு மட்டும் அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. யாரும் பயன்படுத்தாமல் என்னிடம் ஒரு தேதி கிடந்தது. அதைக் கொடுத்தேன்.

அன்று முதல் தினமும் இரண்டு வேளை, காலுக்கு இருபது நிமிஷம் நல்லெண்ணெய் தேய்த்தேன். ஒரு நாள் விடாமல் நோட்டில் குறித்திருக்கிறேன். கிர்ஸ்டன் செய்ததெல்லாம், புத்தகத்தில் படித்த தமிழில் சின்னப்பொண்ணோடு பேசியதுதான். "நீங்கள் சாப்பிட்டீர்களா? நீங்கள் நன்றாக உறங்கினீர்களா?" பிறந்ததிலிருந்து 'வாடி, போடி' மட்டுமே கேட்ட பெண் அதில் கிறங்கிப்போனாள். நடக்க உதவும் இரும்புக் கம்பி மாட்டிய காலோடு அவள் முதன்முதலாக மூன்றடி நடந்தது கிர்ஸ்டனை நோக்கி. அன்றும் நான் நேரத்தைக் குறித்தேன்: காலை 10.40.

சமையல் செய்யும் தாயாரம்மாள் விடுவாளா?

"இன்னா மரகதம், மூஞ்சி சுண்டிப்போயி கீது? வெள்ளக்காரி வந்து உன் பொண்ண கொத்திக்கினு பூட்டாளா?"

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா."

"ஒண்ணும் இல்லாததுக்கா எண்ணெக் கிண்ணத்த டம்முனு வெச்ச? கிண்ணம் இன்னா பண்ணிச்சு, பாவம்!"

கேக் வெட்டிய மறுநாள் ஐயா சொன்னார். கிர்ஸ்டனின் அக்கா சின்னப்பொண்ணை வளர்க்க எடுத்துக்கொள்கிறார். காலுக்கு அங்கேயே ஆபரேஷன். கிர்ஸ்டன் நவம்பர் இருபதில் ஊர் திரும்பும்போதே கூட்டிக்கொண்டு போவாள். கோர்ட்டுக்கு ஒரு வாக்குமூலம் வேண்டும். பதிவேட்டில் உள்ள பிறந்த தேதி சரி என்று டைப் செய்ய வேண்டும்.

"நீதான் சாயந்தரம் கிளாஸுக்குப் போறியே, அங்கியே அடிச்சிக்கினு வந்துடு."

ஸ்ரீபெரும்புதூரில் ஆறு மணி டைப்ரைட்டிங் வகுப்பு. கார்பன் வைத்து மூன்று தாள் செருகினேன். பெயர், கண்டெடுத்த இடம், நாள் எல்லாம் பிழையில்லாமல் வந்தன. பிறந்த தேதிக்கு வந்ததும் விரல் நின்றது. பிறகு, பிறந்த தேதி தெரியாது என்றும், பதிவேட்டில் இருப்பது நானாகப் போட்ட தேதி என்றும் அடித்தேன். அது உண்மை. நான் அதை உண்மைக்காக அடிக்கவில்லை என்பதும் உண்மை. அடிக்கும்போதே தெரிந்தது. ஒரு எழுத்தும் தவறவில்லை.

ஐயா இரண்டு தடவை படித்தார்.

"இது இன்னாம்மா?"

"நடந்ததுதான் ஐயா."

"நாலு வருஷமா வராத உண்மை, இப்பதான் வருதா?"

பொய் எழுது என்று சொல்ல அவரால் முடியாது. தினமும் காலையில் ஜெபம் நடத்துகிறவர். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை.

அரசு டாக்டரிடம் வயதுச் சான்று வாங்கி வரச் சொல்லி கோர்ட்டில் தாளைத் திருப்பிவிட்டார்கள். நவம்பர் இருபது வந்தது. கிர்ஸ்டன் தனியாகக் காரில் ஏறினாள். ஏறுமுன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இவரைப் பார்த்துக்கொள்ளுங்கள் மரகதம். உங்களை விட்டால் யாரும் இல்லை" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தே சொல்லியிருந்தால் அவள் என்னைவிட எவ்வளவோ மேல். அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை.

நினைத்தது கிடைத்துவிட்டது. சின்னப்பொண்ணு என்னிடமே இருந்தாள், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு. எண்ணெய் தேய்த்தால் காலை என்னிடம் விட்டுவிட்டு வேறெங்கோ இருந்தாள். கம்பி மாட்ட மறுத்தாள். இருபத்தெட்டு நாள் அவள் நடக்கவில்லை. அதையும் நோட்டில் குறித்தேன். ஒவ்வொரு நாளும் சுழியம்.

டிசம்பர் பதினெட்டில் சான்று வந்தது. டாக்டர் பல்லைப் பார்த்து வயது ஏழு நடக்கிறது என்று கணக்கிட்டு, 1970 ஜனவரி ஒன்று என்று போட்டிருந்தார். யாரும் சொல்லாமலே தாளை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். புது வாக்குமூலத்தை அடித்து, மறுநாள் காலை ஐயாவின் மேஜையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு, "மார்ச்சில போய்டுவா. தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன்.

பிறகு எண்ணெய்க் கிண்ணத்தோடு சின்னப்பொண்ணிடம் போய், டென்மார்க் போகப்போகிறாள் என்று சொன்னேன். ஒரு மாதத்தில் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினாள். தேதி மாறியதையும் சொன்னேன்.

"அப்ப கேக் வெட்டின நாளு?"

"அது இனிமே உன்னுது இல்ல."

"பின்ன யாருது?"

"என்னுது."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"போக்கா! உனக்கெல்லாம் பொறந்த நாளா?"

சிரித்துக்கொண்டே கம்பியை எடுக்கச் சொல்லிக் காலை நீட்டினாள். கிர்ஸ்டனிடம் நடந்து காட்ட வேண்டுமாம். நான் வாரை இறுக்கி மாட்டிவிட்டு நோட்டைத் திறந்தேன்.