எதிரே வந்த கேழ்வரகு

வேங்கிக்கால் அலுவலகத்தின் பெரிய மேசை மேல் சந்திரகலா தன் மண்டபத்தை வைத்தாள். அட்டையும் கண்ணாடித் தகடுமாக அன்வர் பாஷா என்ற கைவினைஞர் செய்து கொடுத்த மாதிரிக் கட்டடம் அது. நிஜ மண்டபம் அடி அண்ணாமலையில் வரப்போகிறது. மலையைச் சுற்றி வரும் பௌர்ணமிக் கூட்டம் அதற்குள் நுழைந்து, நெரிசல் இல்லாமல் வெளியேற வேண்டும். ஒன்பது வருஷம் அடுத்தவர் வரைபடத்துக்குக் கோடு போட்டே தேய்ந்தவளுக்குச் சொந்தப் பெயரில் முதல் வேலை. இன்றைக்குக் கையெழுத்தாகிவிட்டால் இனி எவர் முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டாம்.

அதிகாரிக்கு வரைபடத்தைப் பார்த்தாலே கொட்டாவி வரும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் ஒரு பை கேழ்வரகு கொண்டுவந்திருந்தாள். மாதிரியைச் சாய்த்து, குறுகலான நுழைவாசலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினாள். தானியம் சலசலவென்று ஓடி, அகலமான மறு வாசலில் தாராளமாகக் கொட்டியது. அதிகாரி முகம் மலர்ந்து பேனாவைத் திறந்தார்.

உள்ளே தங்கிய மிச்சத்தைப் பையில் கொட்ட, மாதிரியை நுழைவாசல் பக்கம் சாய்த்தாள். அந்தக் கேழ்வரகு மொத்தமும் திரும்பி ஓடிவந்து குறுகலில் அடைத்துக்கொண்டது. தட்டினாள். அசையவில்லை.

ஆறு மாதம் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது இது தெரியவில்லை. எப்படித் தெரியும்? அங்கே நடந்த ஆட்களையெல்லாம் ஒரே திசையில் விட்டவள் அவள்தானே. மலையை வலது கைப்பக்கம் வைத்தே நடந்து பழகிய ஊர். அந்தப் பழக்கம் அவளை அறியாமல் சுவராக எழும்பி நின்றிருந்தது.

வேறு யாரும் கவனிக்கவில்லை. பேசாமல் இருந்துவிடலாமா என்றும் தோன்றியது, பொய் சொல்வானேன்.

“சார், கையெழுத்து போடாதீங்க. யாராவது திரும்பி வந்தா வாசல்ல நசுங்கிடுவாங்க.”

அதிகாரி சிரித்தார். “கிரிவலத்துல யாரும்மா எதிர்ல வருவாங்க?”

“கொழந்தைய தொலைச்சவ வருவா சார்.”

அவர் பேனாவை மூடினார். கோப்பை எடுத்து மற்றக் கோப்புகளுக்கு அடியில் வைத்தார். புது மாதிரி எப்போது வரும் என்று கேட்கவில்லை. வேலை போய்விட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

மூன்று வருஷம் முன்பு கார்த்திகை தீபத்தன்று மகள் அபிநயாவின் கை நழுவிப் போக, கிரிவலக் கூட்டத்தை எதிர்த்து இரண்டு மணி நேரம் அலறிக்கொண்டு நடந்தவள் அவள். மகள் கிடைத்துவிட்டாள். ஆனால் அப்படி நடந்தவளே இந்த வாசலை வரைந்திருக்கிறாள். வேலை போனதைவிட அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.