கோப்பையில் வாய் வைத்தவன்

மூக்கையாவின் கால் பெருவிரல் நகம் போய்ப் பல வருஷமாயிற்று. கிதிர்ப்பூர் துறைமுகத்தில் வாரமெல்லாம் சணல் பொதி சுமந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கூலிகள் லீக்கில் வெறுங்காலோடு பந்து உதைப்பவனுக்கு நகம் எங்கே தங்கும்? பெரிய கிளப்புக்காரர்கள் வந்து பார்ப்பார்கள். ஷாபாஷ் என்பார்கள். அப்புறம் ஊர், சாதி விசாரிப்பார்கள். அதற்கப்புறம் வரமாட்டார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் டாக்குரியாவிலிருந்த தமிழ் ஆபீசர்கள் கிளப் கூலி அணியைக் கூப்பிட்டு ஆடும். ஜெயித்தவர்கள் வெள்ளிக் கோப்பையில் சர்பத் ஊற்றி ஆளுக்கு ஒரு வாய் குடிக்க வேண்டும், அது வழக்கம். மைதானம் ஆபீசர்களுடையது, விசிலும் அவர்களுடையது. ஆகவே சர்பத்தும்.

"இதான்டா எனக்குக் கடைசி ஆட்டம். அதுல வாய வைக்காம விடமாட்டேன்" என்றான் மூக்கையா, கோல் காக்கும் சண்முகத்திடம்.

"முதல்ல முட்டி வீக்கத்தப் பாருண்ணே."

அன்று நல்ல மழை. சேற்றில் பூட்ஸ்கள் வழுக்கின, வெறுங்கால்கள் வழுக்கவில்லை. மூக்கையா போட்ட இரண்டு கோலையும் விசில் விழுங்கியது. மூன்றாவது தடவை அவன் யாருக்கும் பந்தைக் கொடுக்கவில்லை. தன் பாதியிலிருந்தே உருட்டிக்கொண்டு போய், பந்தோடு தானும் வலைக்குள் விழுந்தான். விசில்காரர் கோல் என்று ஊத வேண்டியதாயிற்று. அந்த ஒரே கோலில் கூலி அணி ஜெயித்தது.

பரிசு மேஜைக்குப் போனால், சர்பத் மண் குவளைகளில் இருந்தது. கோப்பை துணிக்குள் இருந்தது.

"ஜோரா ஆடினேப்பா! எடுத்துக்கோ" என்றார் செயலாளர் வெங்கடசுப்ரமணியன். "கோப்பையப் பாலிஷுக்கு அனுப்பணும்."

"ஏன் சார், ஒரே வருசத்துல ஓட்டையாயிருச்சா?"

யாரோ சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை.

"அடுத்த வருசம் ஜெயிச்சா எங்க எச்சில்ல குடிக்கணுமேன்னு பயமா சார்? பயப்படாதீங்க. நீங்க ஜெயிக்கப் போறதில்ல."

துணியை உருவினான். குவளைகளைக் கோப்பையில் கவிழ்த்தான். கண்ணை மூடாமல், அவரைப் பார்த்துக்கொண்டே குடித்துவிட்டுச் சண்முகத்திடம் நீட்டினான். கோப்பை அணி முழுக்கச் சுற்றித் திரும்பியபோது அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"உங்களுக்கு ஒரு வாய், சார்?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அடுத்த மழைக்காலம் மேஜைமேல் கோப்பை இல்லை. பளபளவென்று ஒரு கேடயம் நின்றது. கேடயத்தில் யாரும் குடிக்க முடியாதல்லவா? கடைசி ஆட்டம் முடிந்துவிட்டது என்று வேடிக்கை பார்க்க வந்திருந்த மூக்கையா, சட்டையைக் கழற்றிச் சண்முகத்தின் தோளில் போட்டுவிட்டு ஆட இறங்கினான்.

சாயங்காலம் ஆபீசர்கள் கண்ணெதிரே, ஜெயித்த கூலிகள் மைதானத்தின் நடுவில் அந்தக் கேடயத்தைப் படுக்கவைத்து, அதன்மேல் பொரியைக் கொட்டிச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"சண்முகம்," மூக்கையா உரக்கக் கேட்டான், "பச்சமிளகா எங்கடா?"