கண்ணடிக்கும் கணவாயின் கீழே

மூன்றாவது இழுப்பறையையும் நாகிசா தரையில் கவிழ்த்தாள். ரப்பர் பட்டைகள், தைத்து முடிக்காத பொத்தான்கள், அவளுடைய பள்ளிக்கூடப் படங்கள் எல்லாம் வந்து விழுந்தன. அம்மாவின் முகம் மட்டும் எதிலும் இல்லை.

அம்மா ரிட்சுகோ நேற்று விடியற்காலை சமையலறையில் சாய்ந்தவள்தான்; ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இன்று மாலை ஆறு மணிக்கு முதல் சடங்கு. மலர்ப்பீடத்தின் நடுவில் வைக்க ஒரு படம் வேண்டும். சடங்கு ஏற்பாடுகளைக் கவனிக்கும் ஹிராஓகா, இரண்டு மணிக்குள் கொடுத்தால்தான் பெரிதாக்கிச் சட்டம் போட முடியும் என்று சொல்லியிருந்தார். இப்போதே மணி பத்தரை.

"கழுத்துக்கு மேல தெளிவா இருந்தாப் போதும். கீழ கறுப்பு கிமோனோவை நாங்களே மாட்டி விட்டுடுவோம்," என்றிருந்தார் அவர். "தோள்ல குளியல் துண்டோட இருக்கற படத்தைக் குடுத்தவங்க எல்லாம் இருக்காங்க."

அப்பா ஷோகிச்சி தாழ்மேசைக்கு முன்னால் ஆறிப்போன தேநீரோடு உட்கார்ந்திருந்தார். "கல்யாணப் படம் இருக்கே?"

"அப்பா, அதுல அம்மாவுக்கு இருபத்தஞ்சு வயசு. முக்காடு மூக்கு வரைக்கும் இறங்கியிருக்கு. தாடை மட்டும்தான் தெரியுது."

"தாடை கடைசிவரைக்கும் அப்படியேதான் இருந்துச்சு."

ஒசாகாக்காரர்களுக்குச் சாவு வீட்டிலும் வாய் சும்மா இருக்காது. மூலையில் படம் வரைந்துகொண்டிருந்த நாகிசாவின் ஆறு வயது மகள் கோதோ களுக்கென்று சிரித்தாள். நாகிசாவுக்கு எரிச்சலாக வந்தது. முகமே இல்லாமல் அம்மாவை எப்படி வழியனுப்புவது?

அம்மாவிடம் கார் உரிமமும் கிடையாது, பாஸ்போர்ட்டும் கிடையாது. ஆல்பங்கள் நிறைய இருந்தன. எல்லாவற்றிலும் அப்பாவும் நாகிசாவும்தான். கடற்கரையில், பனியில், பள்ளி வாசலில் என்று எங்கே போனாலும் கேமரா அம்மா கையில்தான் இருக்கும். கோணல் பல்லுக்கு வெட்கப்பட்டு ஒளிந்துகொள்கிறாள் என்றே நாகிசா இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

மிஞ்சியிருந்தது ஒரே இடம், அம்மா இருபத்தாறு வருஷம் கணவாய் மீன் சுட்ட கடை. கோதோவை அப்பாவிடம் விட்டுவிட்டு நாகிசா கடை இருக்கும் டோட்டோன்போரிக்கு ரயில் ஏறினாள்.

வாய்க்கால் பாலத்தில் ஏறும்போதே கடை முகப்பின் இயந்திரக் கணவாய் தெரிந்துவிட்டது. மூன்று மாடி உயரம், செம்பழுப்பு உடம்பு, ஆடி ஆடிச் சுருண்டு விரியும் பத்துக் கைகள். காலாட்டும் நண்டும், வயிறு உப்பிய மீனும், சுவரை முட்டும் மாடும் நெருக்கியடிக்கும் அந்தத் தெருவில் இதற்கு மட்டும் ஒரு கூடுதல் பவிசு உண்டு. ஆறு நிமிஷத்துக்கு ஒரு தடவை கண்ணடிக்கும். அந்த ஒரு நொடிக்காக ஊர் உலகமெல்லாம் வந்து, கேமராவைத் தூக்கிப் பிடித்தபடி காத்து நிற்கும்.

அம்மாவுக்குக் கடிகாரம் தேவைப்பட்டதே இல்லை. வாசல் அடுப்பில் கணவாயைப் புரட்டியபடியே, "தயாரா இருங்க, கணவாயார் கண்ணடிக்கப் போறார்," என்று குரல் கொடுப்பாள். சொன்னால் சொன்னபடி இமை இறங்கும்.

"கணவாயாரை ஒரு நாளைக்கு நிறுத்தி வைக்கலாமான்னு பார்த்தேன்," என்றார் முதலாளி தொகுதா, வாசலுக்கே வந்து. "ரிட்சு அக்கா திட்டுவாங்களேன்னு விட்டுட்டேன்." அவர் கண்கள் சிவந்திருந்தன.

"அம்மா படம் ஏதாவது இருக்கா?"

"அவங்க எடுத்துக் குடுத்தது லட்சம் இருக்கும். அவங்களை எடுத்தது..." பின்கழுத்தைச் சொறிந்தார். "கடை ஆல்பத்துல இல்லம்மா. ஆனா நெட்ல தேடிப் பாரேன். வர்றவங்க எல்லாம் போட்டுத் தள்றாங்க. சிலதுல அக்கா இருப்பாங்க."

கடைக்குப் பின்னால் காலிப் பெட்டி ஒன்றில் உட்கார்ந்து நாகிசா போனில் தேடினாள். கணவாய், கணவாய், மேலும் கணவாய். அதன் கீழே விரல் உயர்த்தி நிற்கும் முன்பின் தெரியாத முகங்கள். அறுபது எழுபது படங்களைத் தள்ளிய பிறகு அம்மா வந்தாள்.

கொரியாவின் பூசானிலிருந்து வந்த மூன்று பெண்கள். அவர்களுக்கு இடது ஓரத்தில், கையில் இடுக்கியோடு, கோணல் பல் முழுக்கத் தெரியச் சிரித்துக்கொண்டு அம்மா. கீழே எழுதியிருந்தார்கள்: "இந்த அத்தை யாருன்னே தெரியல. எங்கிருந்தோ ஓடி வந்து நின்னாங்க!"

நாகிசா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். வெட்கமாவது ஒன்றாவது! அடுத்தது ஒரு தாயும் தகப்பனும் குழந்தையும், வலது ஓரத்தில் அம்மா. பிறகு மூன்று இளம் சுமோ வீரர்கள். அவர்கள் பக்கத்தில் அம்மா பாதிதான் தெரிந்தாள். நிறம் வெளுத்துப்போன பழைய படங்களிலும் இருந்தாள், போன மாதத்துப் படத்திலும் இருந்தாள்.

காதல் ஜோடிகளின் படங்களில் மட்டும் அவள் இல்லை. ஐந்து பேர், எட்டுப் பேர் நின்ற படங்களிலும் இல்லை. அப்படியானால் எதில்தான் வந்து நிற்கிறாள்? நாகிசா திரும்பவும் முதலிலிருந்து தலைகளை எண்ணிக்கொண்டு வந்தாள். நான்கு, நான்கு, நான்கு. அம்மாவைக் கழித்தால் எல்லாவற்றிலும் மூன்று.

"ஆமா," என்றார் தொகுதா. "மூணு பேர் வந்து நின்னா அடுப்பை அப்படியே போட்டுட்டு ஓடிடுவாங்க. எத்தனை கணவாய் கருகியிருக்குங்கற? ஏன்க்கான்னு கேட்டா, 'நீ உன் வேலையப் பாரு'ம்பாங்க. முதலாளி நான்."

அவள் அப்பாவைப் போனில் கூப்பிட்டுக் கேட்டாள்.

"மூணு பேரா நின்னு படம் எடுத்தா நடுவுல நிக்கறவங்க முதல்ல போயிடுவாங்கன்னு சொல்லுவாங்கல்ல," என்றார் அப்பா.

"அது பழைய மூடநம்பிக்கைப்பா. பள்ளிக்கூடத்துல சொல்லிச் சிரிப்போம்."

"நானும்தான் சிரிச்சேன். நம்ம வீட்ல எத்தனை பேரு?"

நாகிசா மனதுக்குள் எண்ணினாள். அப்பா, அம்மா, தான்.

"நீ பொறந்த முப்பதாம் நாள் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போனோம். யாரோ ஒருத்தர்கிட்ட கேமராவைக் குடுத்து, உன்னை நடுவுல வெச்சு நின்னோம். உங்கம்மா பாய்ஞ்சு போய் கேமராவைப் பிடுங்கிட்டா. சரி, நான் நடுவுல நிக்கறேன்னேன். 'என்னைத் தனியா உக்காந்து சாப்பிட விட்டுட்டுப் போகப் பாக்கறியா'ன்னா. அப்ப நீயே நில்லுன்னேன். 'புள்ளைக்கு யாரு ஆக்கிப் போடறது, நீயா'ன்னா. அன்னியிலேருந்து கேமரா அவ கையிலயே தங்கிடுச்சு."

"அம்மாவையும் என்னையும் நீங்க எடுத்திருக்கலாமே?"

"எடுத்திருக்கலாம்," என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார்.

பெட்டியில் உட்கார்ந்தபடியே நாகிசா அழுதாள். ஊர் பேர் தெரியாத அத்தனை பேருடைய ஆயுளுக்காகவும் ஓடி ஓடி நின்றிருக்கிறாள். சொந்தப் பெண்ணோடு நிற்கத்தான் வழியில்லாமல் போயிருக்கிறது. அந்தப் பூசான் பெண்கள்மேல் பொறாமையாகக்கூட இருந்தது.

அந்தப் படத்தைத்தான் ஒன்றே முக்காலுக்கு அனுப்பினாள். உடனே ஹிராஓகா கூப்பிட்டார். "நல்ல சிரிப்பு. இடுக்கியை எடுத்துடறேன், பக்கத்துல இருக்கற மூணு பேரையும் வெட்டிடறேன். சரிதானே?"

"சரி," என்றாள். வேறென்ன சொல்வது?

மாலை ஆறு மணிக்குச் சற்று முன்னால், வெள்ளைப் பூக்களுக்கு நடுவே கறுப்புக் கிமோனோவில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். சாவுக்குப் பொருந்தாத சிரிப்பு அது. ஊதுவத்தி வைக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் படத்தைப் பார்த்துச் சிரித்து, பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சப்போரோவில் வேலை பார்க்கும் நாகிசாவின் கணவன் பனிப்பொழிவில் விமானம் கிடைக்காமல் நாளைக்குத்தான் வருவதாக இருந்தது.

துறவி வருவதற்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. ஹிராஓகா கேமராவோடு வந்தார். "பீடத்துக்கு முன்னால குடும்பமா ஒண்ணு எடுத்துடலாம். வாங்க. பாப்பா நடுவுல நிக்கட்டும்."

கோதோ ஓடிப்போய் நடுவில் நின்று, ஒரு கையால் தாத்தாவையும் இன்னொரு கையால் அம்மாவையும் பிடித்துக்கொண்டாள். மூன்று பேர், நடுவில் கோதோ. வெறும் மூடநம்பிக்கைதானே என்று நாகிசா தனக்குள் சொல்லிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் அப்பாவைப் பார்த்தாள்.

அவர் பேத்தியின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தச் சின்ன விரல்களை மெதுவாக விடுவித்துவிட்டு ஹிராஓகாவிடம் நடந்து போனார்.

"குடுங்க. நான் எடுக்கறேன்."

"ஐயா, நீங்களும் படத்துல இருக்கணும்ல?"

"குடுங்க."

அவர் கேமராவைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். ஹிராஓகா அதைத் திருப்பிக் கொடுத்தார். எதை அமுக்க வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டு, இன்னும் நாலடி பின்னால் போய் நின்றார்.

"கிட்ட வந்து நில்லுங்க," என்றார். "ரெண்டு பேரும்."