ஃபோன் விளையாட்டுத்தானே

உடையார்கட்டு ஊரில் முத்துலிங்கத்தைக் கரப்பந்தாட்டத்தோடு சேர்த்துத்தான் எல்லோருக்கும் தெரியும். அவர் ஓங்கி அடிக்கிறவர் இல்லை. அடிக்கிறவனுக்கு வாகாகப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவர். கால் ஓய்ந்த பிறகும் ஊர்க் கழகத்தின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போய்க் கோட்டுக்கு வெளியே நின்று கத்துவார். போன மாசியில் ஒரு ஆட்டம் இருபத்துமூன்றுக்கு இருபத்துமூன்று என்று நின்றபோது, கத்திக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி மண்ணில் சரிந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்துத்தான் காப்பாற்றினார்கள்.

அன்றிலிருந்து மனைவி கமலாசனி அவரை மைதானப் பக்கம் விடவில்லை. டிவியில் கிரிக்கெட் போனாலும் எழும்பிப்போய் நிறுத்திவிடுவாள். எட்டு மாதமாக அவர் நாடகம்தான் பார்த்தார்.

மகள் கிருசாந்தி ஃபோனில் விளையாடுகிறவள். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். எதிராளியின் கோட்டையை முதலில் உடைக்கிற அணிக்கு வெற்றி. அவளுடைய அணி வவுனியாவில் நடக்கிற இறுதிப்போட்டிக்கு வந்திருந்தது. அம்மாவும் அப்பாவும் வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டாள்.

"கதிரையிலை இருந்து விரலை ஆட்டுறது விளையாட்டோ? வேர்வை வராட்டி அது விளையாட்டில்லை" என்றார் முத்துலிங்கம்.

கமலாசனிக்கு அதுதான் பிடித்திருந்தது. வெயில் இல்லை, கத்தல் இல்லை, மண்டபத்துக்குள் ஃபேன் வேறு இருக்கும். "ஃபோன் விளையாட்டுத்தானே, வாங்கோ போவம். பிள்ளைக்கும் சந்தோசம்" என்றாள்.

சனிக்கிழமை விடியவே பஸ் ஏறினார்கள். அந்த அவசரத்தில் முத்துலிங்கம் பாலில்லாத ஒரு பிளேன்ரீயை மட்டும் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

மண்டபத்தில் மேடையின் இரு பக்கமும் ஐந்து ஐந்து கதிரைகள் போட்டிருந்தன. நடுவில் பெரிய திரை. கிருசாந்தியும் அணித் தலைவி றம்ஸியாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். எல்லோருடைய காதிலும் ஹெட்ஃபோன். முதல் சுற்றில் முத்துலிங்கம் கொட்டாவி விட்டார். கிருசாந்தியின் அணி தோற்றது. இரண்டாவது சுற்றின் நடுவில் அவர் நிமிர்ந்து இருந்தார்.

"இஞ்சை பாரும், எங்கடை பிள்ளை ஒருத்தரையும் அடிக்கேல்லை. முன்னுக்குப் போய்த் தான் அடிவாங்கிக்கொண்டு றம்ஸியாவுக்கு வழி விடுறாள்" என்றார்.

"அதுக்கென்ன?"

"அவள் தூக்கிக் குடுக்கிறாளப்பா!"

இரண்டாவது சுற்றில் மகளின் அணி வென்றது. வெற்றியைத் தீர்மானிக்கிற மூன்றாவது சுற்று தொடங்கியபோது அவர் கதிரையின் நுனியில் இருந்தார். கமலாசனி திரையைப் பார்க்கவில்லை, மேடையில் மகளைப் பார்த்தாள். கிருசாந்தியின் முகம் அசையவில்லை. கழுத்து நரம்பு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. சின்ன வயதில் ஊசி போடக் கூட்டிப்போனால் அழாமல் இப்படித்தான் இருப்பாள். பத்துப் பேரும் அப்படியே கல்லாக இருக்க, விரல்கள் மட்டும் பறந்தன.

"ஒருதரும் கத்தாமல் இருக்கினமே" என்று முணுமுணுத்தார் முத்துலிங்கம். "மைதானத்திலை எண்டால் ஓடலாம், குதிக்கலாம், நிலத்திலை அடிக்கலாம். இதுகள் எல்லாத்தையும் உள்ளுக்கையெல்லோ வைச்சிருக்குதுகள். எப்பிடித் தாங்குதுகள்?"

அவருடைய குரல் சரியில்லை. கமலாசனி திரும்பிப் பார்த்தாள். நெற்றியெல்லாம் வேர்த்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வலது கை நெஞ்சில் இருந்தது.

"எழும்புங்கோ."

"கமலா, இன்னும் ரெண்டு நிமிசம்தான்..."

"எழும்புங்கோ எண்டு சொல்லுறன்!"

ஓட்டோவில் ஆசுபத்திரிக்குப் போகிற வழி முழுவதும் அவள் அவருடைய கையை விடவில்லை. நான்தானே கூட்டிவந்தனான், நான்தானே கூட்டிவந்தனான் என்று மனம் அடித்துக்கொண்டே இருந்தது. மகளுக்குச் சொல்லக்கூட நேரமில்லை. மண்டப வாசலில் நின்ற ஒருவரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

ஈசிஜி எடுத்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். சில மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் எடுத்தார்கள். கமலாசனி வெளியே வாங்கில் உட்கார்ந்து, தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டாள். பின்னேரம்தான் இளம் பெண் வைத்தியர் ஒருவர், கமலாசனி கைப்பையில் கொண்டுவந்திருந்த கிளினிக் கொப்பியோடு, அவளையும் உள்ளே கூப்பிட்டுக் கட்டிலருகில் நின்றார்.

"பயப்பிட ஒண்டும் இல்லை அம்மா. இருதயத்திலை புதுசா ஒரு பிரச்சினையும் இல்லை. காலமை சாப்பிட்டவரோ?"

"பிளேன்ரீ மட்டும்தான்."

"வெறும் வயிறு, அதோடை பதட்டம். அவ்வளவுதான். என்ன செய்துகொண்டிருந்தனீங்கள் ஐயா?"

"ஃபோன் விளையாட்டுப் பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார் முத்துலிங்கம், கொஞ்சம் வெட்கத்தோடு.

வைத்தியர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "கொப்பியிலை எழுதிக் கிடந்ததைப் பாத்து நான் கரப்பந்து எண்டெல்லோ நினைச்சன்."

"அதுக்கு இவா விடமாட்டா. டொக்டர்மார் வேண்டாம் எண்டவையாம்."

வைத்தியர் கொப்பியைப் புரட்டினார். "ஆறு கிழமைக்கு வேண்டாம் எண்டுதானே எழுதியிருக்கு? அது எப்பவோ முடிஞ்சுது. சாப்பிட்டு, குளிசையும் ஒழுங்காப் போட்டுட்டுத் தாராளமாய்ப் போய்ப் பாக்கலாம்."

முத்துலிங்கம் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். கமலாசனி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"ஆறு கிழமைதான் எண்டு எனக்குத் தெரியும்" என்றாள். "நீங்கள் மண்ணிலை கிடந்ததை நான் பாத்தனான். நீங்கள் பாக்கேல்லை."

எட்டு மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது. அழ அழ நெஞ்சு லேசாகிக்கொண்டு வந்தது. முத்துலிங்கம் கோபிக்கவில்லை. அவளை இழுத்துக் கட்டிலில் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார்.

அதற்குள் கிருசாந்தி ஓடிவந்தாள். அணியின் ரீசேர்ட்டைக்கூட மாற்றவில்லை. ஆட்டம் முடிந்து, பின்னேரம் நடந்த பரிசளிப்பும் ஆன பிறகுதான் வாசலில் நின்றவர் அவளுக்கு விசயத்தைச் சொன்னாராம். அழுதழுது கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"ஒண்டுமில்லை பிள்ளை, அப்பாவுக்குப் பசி" என்றாள் கமலாசனி. மகள் அப்படியே நிலத்தில் குந்தி, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்து மூச்சு விட்டாள்.

"அது கிடக்கட்டும். வெண்டனீங்களோ?" என்றார் முத்துலிங்கம்.

"அப்பா, இப்ப அதுவே முக்கியம்?"

"சொல்லு. சொல்லாட்டி இனித்தான் உண்மையா நெஞ்சு வெடிக்கும்."

"தோத்துப்போனம். கடைசி நிமிசத்திலை."

அவர் தலையணையில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். "அப்பாடா! நான் பாக்காமல் வெண்டிருந்தால் என்னாலை தாங்கியிருக்கேலாது."

கிருசாந்தி முதலில் திகைத்தாள். பிறகு அழுத கண்ணோடு சிரிக்கத் தொடங்கினாள். பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்தார். மருந்து கொடுக்க வந்த மிஸ் எல்லோரையும் சத்தம் போட வேண்டாம் என்றார்.

கமலாசனி கீழே போய் இடியப்பப் பார்சல் வாங்கிவந்தாள். அவள் வரும்போது அப்பாவும் மகளும் கட்டில் விரிப்பில், பக்கத்துக் கட்டில்காரர் தந்த தோடம்பழச் சுளைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு கடைசி இரண்டு நிமிடத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். இந்தச் சுளை கிருசாந்தி, அது றம்ஸியா, போர்வை மடிப்பில் இருந்தது எதிராளியின் கோட்டை.

பார்சலைப் பிரித்துக்கொண்டே கமலாசனி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இஞ்சை ஆளில்லாமல் கிடக்கேக்கை நீ என்னத்துக்கு அங்காலை போனனீ?" என்று போர்வை மடிப்பின் ஒரு பக்கத்தை விரலால் தொட்டுக் கேட்டாள்.

இருவரும் வாதத்தை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்கள்.