இரைச்சல் எங்கே

கடைசிப் பிள்ளையையும் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் பள்ளிக்கூட வேனைக் கொண்டுபோய் நிறுத்தியபோது, அதை ஓட்டும் இடிக்கு இடுப்பே கழன்றுவிடும்போல் இருந்தது. நேரே வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுக்கத்தான் ஆசை. ஆனால் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் அவளுடைய ஆம்ப், கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, காத்துக்கிடந்தது. பக்கத்தில் அண்ணனும் காத்துக்கிடந்தார்.

இடி என்பது அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயரல்ல. சின்ன வயதில் அவள் மாடிப்படி இறங்கும் லட்சணத்தைப் பார்த்து அண்ணன் வைத்தது. பிறகு அவள் அடிக்குரலில் உறுமும் பேஸ் கிட்டார் எடுத்ததும் அந்தப் பெயர் பசை போட்டமாதிரி ஒட்டிக்கொண்டது. மற்றபடி, அவள் வாயைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. கல்யாணங்களிலும் ஓட்டல்களிலும் வாசிக்கும் அவர்களுடைய சின்னக் குழுவில் அண்ணன்தான் பாடகர், கிட்டார்காரர், வண்டி பேசுகிறவர், எல்லாம். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும்.

கொஞ்ச காலமாக மாஸ்டருக்கு ஒரே புகார். அவளுடைய ஆம்ப் இரைகிறதாம். சும்மா இருக்கும்போதுகூட உஸ்ஸென்று ஒரு சத்தமாம். அவளுக்கும் ஏதோ கேட்கத்தான் செய்தது. ஆனால் அது இரைச்சல் இல்லை. அவ்வப்போது படபடவென்று பொரிகிற சத்தம். போன கல்யாணத்தில் பாட்டுக்கு நடுவிலேயே அண்ணன் திரும்பி முறைத்தார். சாமான் ஏற்றும்போது எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அவள் ஆம்ப்பைத் தூக்கி வண்டியில் ஏற்றினாள். பேசுவதற்கும் தெம்பு வேண்டுமே.

"டியூப் வாங்கிட்டியா?" என்றார் அண்ணன், அவள் ஷெட்டுக்குள் நுழைந்ததும்.

"வாங்கிட்டேன்."

"சின்ன டியூப் மொத்தத்தையும் மாத்திரு. ஒண்ணை விட்டு ஒண்ணு பாக்குற வேலையெல்லாம் வேண்டாம்."

அண்ணன் போட்டுவைத்திருந்த ஆம்ப்பின் பிளக்கை அவள் பிடுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். உள்ளே இருக்கும் டியூப்கள், பழைய ரேடியோ வால்வு மாதிரியான கண்ணாடிக் குழாய்கள், சூடாக இருக்கும். உள்ளே தேங்கிய மின்சாரமும் வடிய வேண்டும். அந்தச் சாக்கில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணி கொண்டுவந்து வைத்த டீ ஆறிப்போனது.

பின்பக்கத் தகட்டைக் கழற்றினாள். பெரிய டியூப்களைத் தொடவில்லை. ஓரமாக வரிசையாக நிற்கும் சின்ன டியூப்கள்தான் அவளுக்கு வேண்டியவை. கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய சத்தத்தை முதலில் வாங்கித் தூக்கிக் கொடுப்பவை அவைதான். கட்டைவிரல் பருமன்; ஆளுக்கொரு தகரக் குல்லாய். குல்லாயை அமுக்கித் திருகி எடுத்தாள். துணியால் கண்ணாடியைப் பிடித்து லேசாக ஆட்டி ஆட்டி நேர்மேலாக இழுத்தாள். அவசரப்பட்டால் ஊசிக் கால் வளைந்துபோகும். புதியதைக் கால் பார்த்துப் பொருத்தி, மெல்ல அமுக்கி உட்காரவைத்தாள். கடைசி டியூப் வருவதற்குள் முதுகு விண்விண் என்று தெறித்தது.

தகட்டை முடுக்கி, ஸ்விட்சைப் போட்டு, சூடேறியதும் கிட்டாரைச் செருகி ஒரு வரி வாசித்துப் பார்த்தாள். பொரிகிற சத்தம் போயே போய்விட்டது. தந்தியிலிருந்து கையை எடுத்ததும் ஷெட் அமைதியாக இருந்தது.

"அப்பாடா," என்றாள்.

"என்ன அப்பாடா? அப்படியேதானே இருக்கு!"

"என்ன இருக்கு?"

"இரைச்சல்! உஸ்ஸுன்னு. பொரியறது நின்னிருக்கு, சரி. இது நிக்கலையே."

அவள் ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தாள். எந்த ஆம்ப்பிலும் இருக்கும் மூச்சுச் சத்தம்தான். அதுவும் இரண்டடி தள்ளினால் கேட்காது. வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தாள். அண்ணன் இல்லையென்று தலையாட்டினார். ஒயரை மாற்றினாள். அதற்கும் தலையாட்டினார். டியூப்களை இடம் மாற்றிப் போட்டுப் பார் என்றார். மறுபடி அணைத்து, ஆறவிட்டு, கழற்றி, போட்டு, முடுக்கி... அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"கண்ணை மூடிட்டு நல்லாக் கேளுங்க அண்ணா," என்றாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். அவள் மனதில் திட்டம் ஒன்றுமில்லை. களைப்பில், இந்தச் சனியன் ஒழியட்டும் என்றுதான் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். ஆம்ப்பின் சிவப்பு விளக்கு அணைந்தது.

"இப்ப?"

"அதேதான். துளிகூடக் குறையல."

காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு வந்த அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் பார்வை இடியின் கையிலிருந்த பிளக்கில் இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னங்க," என்றாள் அண்ணி மெதுவாக. "கண்ணைத் திறங்க."

அவர் திறந்தார். பிளக்கைப் பார்த்தார். "விளையாடறியா?" என்று எழுந்தவர், பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பிரிட்ஜ் சத்தம்னு சொன்னீங்களே," என்றாள் அண்ணி. "நல்லா இருந்த பிரிட்ஜை அணைக்கச் சொல்லி, பாலெல்லாம் திரிஞ்சுபோச்சே. அப்புறம் பக்கத்து வீட்டு மோட்டார்னு சண்டைக்குப் போனீங்க. அவங்க வீட்ல மோட்டாரே இல்ல."

இடிக்குச் சிரிப்பு முட்டியது. அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவர் இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொத்தினால் இன்னும் கூடியது போலும். சட்டென்று கையை எடுத்தார்.

"படுக்கும்போதும் இருக்கு," என்றார். "எந்திரிக்கும்போதும் இருக்கு. ஏதாவது மிஷினாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், "அப்ப உன்கிட்ட கத்தினதெல்லாம்?" என்றார்.

"கத்தினது கத்தினதுதான்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஜெயித்த சந்தோஷமும் வரவில்லை. பிளக்கைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததே பெரிய சுகமாக இருந்தது.

மறுநாள் வேனை நிறுத்திவிட்டு அவள்தான் அவரை ஸ்கூட்டரில் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். இரைச்சல் காதுக்குள்ளேயே இருக்கிறது, இத்தனை வருஷம் டிரம்ஸுக்குப் பக்கத்திலேயே நின்றதன் விளைவு என்றார் டாக்டர். இது மருந்து கொடுத்து நிறுத்துகிற சத்தமில்லை, பழகிக்கொள்ளலாம், இனிமேல் காதில் அடைப்பான் இல்லாமல் மேடை ஏறக்கூடாது என்றார்.  திரும்பும்போது அவள் மேடுபள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினாள்.

அந்த வார ஒத்திகையில் டிரம்ஸை ஷெட்டின் கடைசி மூலைக்குத் தள்ளினார்கள். அண்ணன் அடைப்பானை மாட்டிக்கொண்டு, முனகிக்கொண்டே பாடினார். இரண்டு இடத்தில் சுருதி நழுவியது.  முடிந்து மற்றவர்கள் கிளம்பியதும் அவள் கிட்டாரைத் தோளிலிருந்து இறக்கப் போனாள்.

"வீட்டுக்கா?"

"ஆமாண்ணா. காலைல வேன் எடுக்கணும்."

அவர் அடைப்பானைக் கழற்றி உள்ளங்கையில் உருட்டினார். "நீ வாசிக்கும்போதும் அந்த இரைச்சல் போகலை," என்றார். "ஆனா அது பக்கம் மனசு போகமாட்டேங்குது. இன்னும் கொஞ்சம் வாசிக்கிறியா? சின்னதா வெச்சுக்க."

விரல் நுனியெல்லாம் எரிந்தது. தூக்கம் கண்ணைக் கட்டியது. அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, வால்யூமைக் குறைத்து, கீழ்த் தந்தியில் விரலை வைத்தாள்.