மாக் மாஸ்டர் ஊற்றிய தேநீர்

மாக் மாஸ்டர் மன்னிப்புத் தேநீர் ஊற்ற வருகிறார் என்று சேதி வந்ததும், லின்ஹோ இருப்பதிலேயே நல்ல சட்டையாகப் பார்த்து எடுத்துப் போட்டுக்கொண்டாள். பதினோரு வருஷமாகக் கறுவிக்கொண்டு காத்திருந்த நாள். சும்மா விடுவாளா?

நடந்தது இதுதான். தெற்குச் சீனாவின் குவாங்சௌ நகரத்தில் ஒரு தேநீர் விடுதி; அதில் மாக் தலைமைச் சமையல்காரர். லின்ஹோ இறால் கொழுக்கட்டை பிடிக்கிறவள். உள்ளே இருக்கும் இறால் தெரிகிற அளவுக்கு மாவை மெல்லிசாகத் தேய்த்து, மடிப்பு மடிப்பாக அவள் பிடித்து வைப்பதற்கு அந்த ஊரில் ஜோடி கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாக் பார்த்து வாங்கிப் போட்ட இறால் கெட்டுப்போயிருந்தது. சாப்பிட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். யார் செய்தது என்று முதலாளி கத்தினார். இறால் நான் வாங்கியது என்று மாக் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மனுஷன் கல்லுப்பிள்ளையாராக நின்றார். பிடித்த கை லின்ஹோவுடையது, ஆகவே பழியும் அவளுக்கே. மேசை மேசையாகப் போய்த் தேநீர் ஊற்றித் தலை குனிந்தாள். மறுநாள் வேலையும் போயிற்று. அதற்கப்புறம் எந்த விடுதியும் அவளை மாவுப்பலகைப் பக்கம் சேர்க்கவில்லை. இத்தனை வருஷமும் பாத்திரம் கழுவியே கழிந்தது.

இப்போது மாக்குக்குச் சமையல்காரர் சங்கத் தலைவர் ஆகிவிட ஆசை. பதவியைக் கொடுக்க வேண்டிய தாங் பெரியவரின் காதுக்கு அந்த இறால் கதை அரசல்புரசலாக எட்டியிருந்தது. போய் லின்ஹோவுக்குத் தேநீர் ஊற்று, அவள் வாங்கிக் குடித்தால் பதவி உனக்கு, குடிக்காவிட்டால் அந்த நினைப்பையே விட்டுவிடு என்று சொல்லிவிட்டார். அந்த ஊர் வழக்கம் அப்படி. மன்னிப்புத் தேநீரைக் குடித்துவிட்டால் பழைய கணக்கு தீர்ந்தது. பிறகு யாரும் அதைக் கிளறக் கூடாது.

இடத்தை லின்ஹோதான் சொன்னாள். அதே விடுதி, அதே ஞாயிறு காலை, கூடத்தில் எள் போட்டால் எள் விழாத நேரம்.

பெரியவரும் மாக்கும் வந்தபோது அவள் மேசையில் மூங்கில் கூடைகளில் ஆவி பறந்துகொண்டிருந்தது. பன்றிக்கறி பன், முள்ளங்கிப் பணியாரம், கறுப்பு அவரைச் சாற்றில் வெந்த கோழிப்பாதம். பெரியவரை உட்காரவைத்து உபசரித்தாள். மாக்கை உட்காரச் சொல்லவில்லை. ஒரு பன்னைப் பிட்டு, ஊதி, நிதானமாக மென்றாள். எதிரி பக்கத்தில் நின்று பார்க்கச் சாப்பிடுகிற ருசியே தனி.

"என்ன மாஸ்டர், நின்னு நின்னு கால் வலிக்குதா?"

"இல்லம்மா."

"எனக்கு அன்னிக்கு வலிச்சுது."

மாக் தேநீர்க் கெண்டியைக் கையில் எடுத்தார். லின்ஹோ கோப்பையின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"எதுக்கு ஊத்துறீங்கன்னு சொல்லிட்டு ஊத்துங்க. சொல்லாம ஊத்தினா அது வெறும் டீ. அந்தக் கடைசி மேசைக்கும் கேக்கணும்."

மாக் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் கூரையைப் பார்த்தார். வேறு வழியில்லை.

"அந்த இறாலை வாங்கிப் போட்டது நான்தான்," என்றார் மாக். "இவ மேல பழி விழுந்தப்போ வாயை மூடிட்டு நின்னேன். இவ பேர்ல ஒரு தப்பும் இல்ல."

கூடமே திரும்பிப் பார்த்தது. லின்ஹோவுக்குக் கண் கரித்தது. இந்தச் சொல்லைக் கேட்கத்தானே இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்! போய்த் தொலையட்டும், குடித்துவிடலாம் என்றே தோன்றிவிட்டது. கோப்பையை விட்டுக் கையை எடுத்து, அந்த ஊர் வழக்கப்படி நன்றியாக மேசையைத் தட்ட இரண்டு விரலை மடக்கினாள்.

மாக் ஊற்றினார். முப்பத்தைந்து வருஷம் அடுப்படியிலேயே கிடந்த மனுஷன். பிறருக்குத் தேநீர் ஊற்றிப் பழக்கமே இல்லை. கை வெடவெடவென்று நடுங்கியது. கெண்டியைச் சமயத்தில் நிமிர்த்த முடியாமல் போக, கோப்பை விளிம்பு வரை நிறைந்து, வழிந்து, மேசை விரிப்பில் ஓடியது.

யாரோ உச்சுக் கொட்டினார்கள். மதுவை நிறைய ஊற்றலாம். தேநீரை முக்கால் கோப்பைக்கு மேல் ஊற்றக் கூடாது. நிறைத்து ஊற்றினால், குடித்துவிட்டு எழுந்து போ என்று விருந்தாளியை விரட்டுவதாக அர்த்தம். சின்னக் குழந்தைக்கும் அங்கே அது தெரியும்.

பெரியவரின் முகம் இறுகியது. "மன்னிப்பும் கேட்டுட்டு, எழுந்து போடின்னு ஊத்துறியா?"

மாக் திரும்பி லின்ஹோவைப் பார்த்தார். பெரியவர் அந்த நேரம் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்; அந்த நடுக்கத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவள் ஒருத்திதான். வேண்டுமென்று ஊற்றவில்லை, கை நடுங்கிவிட்டது என்று அவள் சொன்னால் பெரியவர் மறுபேச்சில்லாமல் நம்புவார்.

"நீ என்னம்மா சொல்ற?" என்று பெரியவர் கேட்டார்.

லின்ஹோ கூடையிலிருந்து ஒரு கோழிப்பாதத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். வாயில் சாப்பாடு இருக்கும்போது பேசக் கூடாதல்லவா! ஒவ்வொரு எலும்பாக உறிஞ்சினாள். பெரியவர் காத்திருந்து பார்த்தார். அவள் இரண்டாவதை எடுத்ததும், அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார். சங்கத்துப் பக்கம் இனி தலைகாட்டாதே என்று மாக்கிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா?" என்று மாக் கேட்டார். லின்ஹோ அவரை நிமிர்ந்து பார்த்தபடியே மென்றுகொண்டிருந்தாள்.